வேலிக்கு அப்பால் ஒரு வானொலி

"திரைச்சீலையை விடும், யோகராணி. கிழவி இஞ்சதான் பாக்கிறாள்."

கணவர் நித்தியானந்தன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். யோகராணி விரலிடுக்கால் மறுபடி பார்த்தாள். பக்கத்து வீட்டு ஐவி தன் முற்றத்தில் ஒரு தேர்தல் பலகையைச் சுத்தியலால் அடித்து நட்டுக்கொண்டிருந்தார். பலகையில் றொய் டென்ஹம் சிரித்துக்கொண்டிருந்தார்.

1976இல் சிட்னியில் டென்ஹமின் குரலைக் கேட்காத வீடு குறைவு. காலையில் வானொலியில் அரசியல் பேசுகிறவர். "ஆசியாக்காரரை இப்படியே இறக்கிக்கொண்டிருந்தால் நம் தெரு நம்முடையதாக இருக்காது" என்பதுதான் அவருடைய அன்றாடப் பேச்சு. இப்போது மாநிலச் சட்டசபைக்கு, அவர்கள் குடியிருந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கத்திலேயே போட்டியிட்டார்.

வாடகைக்கு இருந்த அந்த வீட்டை அவர்களுக்கே விற்க உரிமையாளர் சம்மதித்திருந்தார். நித்தியானந்தன்தான் பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த றேடியோக்காரன் தேர்தலில வெண்டால் கையெழுத்து வைக்கமாட்டன். லண்டனில தம்பியிட்டப் போவம். எங்களை வேண்டாமெண்டு வோட்டுப் போட்ட இடத்தில என்னெண்டு வீடு வாங்கிறது?"

யோகராணி பின்கதவால் வெளியே போனாள். பின்வளவில் அவள் நட்ட கறிவேப்பிலை அப்போதுதான் துளிர்விட்டிருந்தது.

ஐவியின் வானொலி வேலி தாண்டிக் கேட்கும். பாட்டு வந்தால் நிறுத்திவிடுவார். டென்ஹம் பேசத் தொடங்கினால் மட்டும் சத்தத்தைக் கூட்டுவார். இடைக்கிடை பொழுதுபட்ட பிறகு அவர் வாசலில் ஒரு கார் வந்து நிற்கும். தொப்பி போட்ட ஒருவர் இறங்கி உள்ளே போவார்.

"கட்சிக்காரராக்கும். எங்களைப் பற்றித்தான் விசாரிக்கினம்" என்பார் நித்தியானந்தன்.

ஒருநாள் காலை யோகராணி உடுப்புக் காயப்போடும்போது ஐவி வேலியோரம் வந்தார். "இன்றைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கேட்டாயா?" என்றார், வானொலி இருந்த பக்கம் தலையை ஆட்டி. சொல்லும்போதே அவருக்கும் இருமல் வந்தது.

யோகராணி உள்ளே போய் முருகன் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குசினிக்குள் போய் மல்லியும் இஞ்சியும் இடித்துக் கோப்பி காய்ச்சினாள். சூடு ஆறாமலிருக்கச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"உமக்கு விசரே?" என்றார் நித்தியானந்தன்.

"இருமிற மனிசியிட்டக் கட்சி பாக்கேலாதப்பா."

போத்தல் திரும்பி வரவில்லை. இரண்டு கிழமை போனது. "குப்பை வாளிக்குள்ள எட்டிப் பாரும், அங்க கிடக்கும்" என்று அவர் சீண்டினார். யோகராணிக்கும் இப்போது சந்தேகம் தட்டியது. முன்பு வேலியோரம் வந்து பேசுகிற ஐவி, அவளைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.

தேர்தலன்று பள்ளிக்கூட மண்டபத்தில் நீண்ட வரிசை. பொதுநலவாய நாட்டவர் என்பதால் அவர்களுக்கும் வோட்டு இருந்தது. இலங்கையில் விருப்பமானவருக்கு ஒரு புள்ளடி போட்டால் போதும். இங்கே போட்டியிட்ட நாலு பேருக்கும் இலக்கமிட வேண்டும். மிகப் பிடித்தவருக்கு ஒன்று, வேண்டவே வேண்டாதவருக்கு நாலு.

"றேடியோக்காரனுக்கு நாலு, மறந்திடாதையும்" என்றார் நித்தியானந்தன்.

அவர்களுக்கு முன்னால் ஐவி. நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சிலைப் பிடித்தபடி தடுப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். திரும்பி வரும்போது அவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தீரே? இனி முகத்திலயும் முழிக்கமாட்டாள்."

எண்ணி முடிக்க ஒரு கிழமைக்கு மேல் ஆனது. டென்ஹம் சொற்ப வோட்டுகளில் தோற்றார். வந்து குடியேறியவர்கள்தான் தன்னைக் கவிழ்த்தார்கள் என்று வானொலியில் சொன்னார். ஐவி வீட்டு வானொலி அன்று பாதியிலேயே நின்றது.

"அவன் தோத்திட்டான். இனிக் கையெழுத்து வைக்கலாம்தானே?" என்று கேட்டாள் யோகராணி.

"வைக்கலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இவள் இருக்கிறாளே. பக்கத்து வீட்டுப் பகையோட காலம் முழுக்க இருக்கேலுமே?"

அடுத்த நாள் கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக்கு அப்பால் ஐவி.

"திறக்காதையும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள்."

யோகராணி திறந்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். ஐவி உட்காராமல் கையிலிருந்த சுடுதண்ணிப் போத்தலை மேசையில் வைத்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"இந்த வீட்டை வாங்கப் போகிறீர்களா?"

நித்தியானந்தன் விறைத்தார். "எங்களை விரும்பாதவர்களுக்குப் பக்கத்தில் எப்படி வாங்குவது?"

ஐவி தலையைக் குனிந்தார். "இதில் நான் ஒரு வாய்தான் குடித்தேன். அன்று பின்னேரம் என் மகன் வந்தான். அவனுக்கும் தொண்டை சரியில்லை. ஊற்றிக் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது, யார் செய்தது என்று கேட்டான். உங்கள் வீட்டைக் காட்டினேன்."

"பிறகு?" என்றாள் யோகராணி.

"மிச்சத்தைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினான். எனக்கு இந்தப் போத்தலைத் திருப்பித் தர முகமில்லாமல் போயிற்று."

யோகராணி அவர் கையைப் பிடித்தாள். "அதற்கென்ன, இன்னொரு முறை காய்ச்சித் தருகிறேன்."

ஐவி கதிரையில் உட்கார்ந்தார். யன்னலுக்கு வெளியே, அவர் முற்றத்துப் பலகையில் டென்ஹம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஐவி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அன்றைக்கு அந்தப் பென்சிலைப் பிடித்தபோது உன் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது. பெற்ற மகனுக்கு நான் நாலாம் இலக்கம் போட்டேன்."