போகாத சூப்

“அம்மா, எத்தனை தடவை சொல்றது? சூப் விமானத்துல போகாதும்மா!”

விமான நிலையச் சோதனை அதிகாரி தூக்குவாளியை அந்த அம்மாவிடமே திருப்பி நீட்டினார். பின்னால் நாற்பது பேர் பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா கெட்டியா இருக்கு சார். கவுத்தாக்கூட ஊத்தாது.”

“கவுக்காதீங்க!” பாய்ந்து தூக்குவாளியைப் பிடித்தார்.

“லீவுக்குக் குடும்பமே பெரியவன் வீட்டுல ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடப் போகுது. அதான் செஞ்சேன்.”

“அப்போ பெட்டியில போட்டு அனுப்பியிருக்கலாமே?”

“அனுப்பியிருக்கலாம்தான்.”

“தெரிஞ்சேதான் கையில கொண்டு வந்தீங்களா? இது குப்பைத்தொட்டிக்குத்தான்!”

“நீங்க சாப்பிடுங்களேன் சார்.”

“டியூட்டியில சாப்பிட்டா என் வேலை போயிடும்மா!”

சத்தம் கேட்டு மேலதிகாரி வந்துவிட்டார். “என்ன தகராறு?”

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “என் சின்னவனுக்கு லீவு இல்லைன்னு சொன்ன புண்ணியவான் நீங்கதானா?”

“எந்தச் சின்னவன்?”

“இதோ, டியூட்டியில தன்னைச் சார்னு கூப்பிடச் சொல்லி, இவ்வளவு நேரமா எனக்குச் சட்டம் சொல்லிட்டு நிக்கிறானே, இவன்தான்.”

மேலதிகாரி திகைத்துப்போனார். “ஏம்ப்பா, வர்ற பொம்பளைங்க எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுறே. இவங்க நிஜ அம்மான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

சோதனை அதிகாரி தூக்குவாளியை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“நான் இந்த இடத்தைப் பார்த்துக்கறேன். அம்மாவைக் கூட்டிட்டு வெளியே போய்ப் பத்து நிமிஷத்துல சாப்பிட்டுட்டு வா” என்றார் மேலதிகாரி. “காலி வாளி விமானத்துல போகலாம்.”