படம்: சங்கம்

காவல் நிலைய அறையின் மூலையில் நின்று கழுகு தன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

கழுகு என்பது பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கத்தில் அவனுக்கு வைத்த பெயர். அவன் போலீசின் புகைப்படக்காரன். எங்கே ஊர்வலம் நடந்தாலும் லத்திக்காரர்களோடு வந்து, கூட்டத்தை முகம் முகமாக எடுப்பான். அவன் எடுத்த முகங்களின் வீட்டுக் கதவு சீக்கிரமே தட்டப்படும்.

இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை மேசைமேல் விரித்துப் போட்டார். முதல் பக்கத்தில் அவள் கணவர். தடுக்கத் தூக்கிய கை, தலையில் இறங்கும் லத்தி, திறந்த வாய். கீழே 'படம்: சங்கம்' என்று மட்டும் இருந்தது.

ஆபத்தான படத்துக்கு யார் பெயரையும் போடுவதில்லை. எடுத்தவர் சங்க வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடலாம். யார் என்று உள்ளே இருப்பவர்களும் கேட்கக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே செயலாளராக இருந்த அவள் கணவர்தான். அதனால் அவளும் கேட்கவில்லை.

"யாரும்மா எடுத்தது?"

"நான்தான் சார்."

"உனக்கு முன்னாடி வந்த உங்க சங்கத்து ஆளுங்க பதினோரு பேரும் நான்தான்னாங்க. ஒரே கேமராவுல வரிசையா நின்னு கண்ணை வெச்சீங்களா?"

இன்ஸ்பெக்டர் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"அங்கே புருஷன் அடி வாங்கிட்டிருக்கான், நீ நின்னு ஃபோகஸ் பண்ணிட்டிருந்தியா?"

"என் வேலை சார் அது."

பொய். அன்று அவள் கேமராவைப் போட்டுவிட்டு ஓடினாள். போலீஸ் அவரைத் தொடக்கூட விடவில்லை.

"நல்லா கேட்டுக்கோ. உன் புருஷன் படியில தடுக்கி விழுந்து செத்தாருன்னு நாங்க சொல்றோம். இல்லேன்னு சொல்றது இந்த ஒரு படம்தான். உங்கள்ல யாரும் இதை எடுத்திருக்க முடியாதுன்னு தெரிஞ்சா, இது ஜோடிச்ச படம். நாளைக்கே விசாரணைக் கமிஷன்ல அப்படிச் சொல்லிடுவேன், கேஸ் முடிஞ்சுது. நீதான் எடுத்தேன்னா, படம் எடுக்கக் கூடாதுன்னு போட்ட தடையை மீறினதுக்கு உள்ளே போவே. வெளியே பொண்ணு உட்கார்ந்திருக்குல்ல?"

கதவுக்கு அந்தப் பக்கம், பெஞ்சில், நாத்தனார் மடியில் குழந்தை. இருமுவது கேட்டது. உள்ளே போனால் அது யாரிடம் தூங்கும் என்று நினைத்தாள். பிறகு அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன் சார்."

"அன்னிக்கு எல்லார் கேமராவுல இருந்தும் மெமரி கார்டைப் பிடுங்கிட்டோமே. இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"ஷூவுக்குள்ள வெச்சிருந்தேன்."

"எங்கே நின்னு எடுத்தே?"

"மருந்துக்கடை வாசல்ல."

உண்மையில் அவள் நின்ற இடம் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தாள். அவர் முகத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த ஷட்டர் அதே மருந்துக்கடையுடையது. அங்கே நின்று எடுத்திருந்தால் அவர் முதுகுதான் விழும்.

அன்று தெரு முழுக்கக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. இன்ஸ்பெக்டருக்கு அது எந்தக் கடை என்று பிடிபடவில்லை. ஆனால் மூலைப் பக்கம் திரும்பினார்.

"யோவ், இங்கே வா. நீயும் இதே பொழப்புதானே? மருந்துக்கடை வாசல்ல நின்னா இப்படி விழுமா?"

கழுகு வந்து குனிந்தான். அவனுக்கு ஒரு பார்வை போதும் என்று அவளுக்குத் தெரியும். அவன் இரண்டாவது முறையும் பார்த்தான். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். போச்சு. படியில் தடுக்கி விழுந்தவராகவே அவர் போய்விடப் போகிறார்.

"விழும் சார்."

"நல்லா பார்த்துச் சொல்லு."

"நீள லென்ஸ் போட்டா தாராளமா விழும் சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை விட்டெறிந்தார். "பன்னிரண்டு பேரும் எடுத்திருக்கலாம்னா நான் யாரைய்யா பிடிக்கிறது? பொய்ப்படம்னும் சொல்ல முடியாது. நல்லா வந்து சேர்ந்தீங்க எனக்குன்னு! இவளையும் ஒரு படம் எடுத்து வை, அடுத்த ஆளைப் பார்க்கிறேன்." கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும். எந்த லென்ஸ் போட்டாலும் முதுகு முகமாகாது என்பது நேற்றுக் கேமரா பிடித்தவனுக்கும் தெரியும். இவன் எதற்குத் தூண்டில் போடுகிறான்?

"சுவரோரமா நில்லுங்க அக்கா."

நின்றாள். "எதுக்கு அப்படிச் சொன்னே? என்னை மாட்டி விடவா?"

அவன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். பொத்தானை அழுத்தாமலே இறக்கினான்.

"நீங்க ஓடி வர்றதும் அந்தப் படத்தோட ஓரத்துல விழுந்திருந்தது அக்கா. அதை வெட்டிட்டுத்தான் சங்கப் பெட்டியில போட்டேன்."