பத்தில் ஒரு பங்கு

சாயிரா பானு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அடி அண்ணாமலைக் குளத்தில், எப்போதும் ஒரே இடத்தில், முழங்கால் தண்ணீரில் நின்று பத்து முறை வலை வீசுவார். மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார். வாளியின் எடையையும் தன் அறுபத்திரண்டு கிலோவையும் கழித்து எழுதிக்கொண்டு, மீன்களைத் திரும்ப விட்டுவிடுவார்.

மாதம் ஒரு கிலோ குறைந்தது. ஒன்பது, எட்டு, ஏழு. இன்று ஆறு. அங்கே பாம்பு இல்லை, கொக்கும் இறங்குவதில்லை. நோட்டில் 'மீனைத் தின்பது எது' என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

கரையில் மீனுக்குப் பொரி விற்கும் ரேணுகாம்பாள் நம்பவில்லை. "ஜனங்க பொரி ஜாஸ்தியாதான் போடறாங்க. மீன் எப்படிங்க கம்மியாவும்?" என்று வாளியை வாங்கித் தன் தராசில் வைத்தார். வாளி போக ஒன்பது கிலோ.

"மீன் அப்படியேதாங்க இருக்குது. நீங்கதான் இளைச்சுட்டீங்க."

சாயிரா வெறுங்கையோடு மெஷினில் ஏறினார். ஐம்பத்தொன்பது.

தின்றதில் பத்தில் ஒரு பங்குதான் தின்ற உயிரின் உடம்பாகும், மிச்சம் பெரும்பாலும் சூடாக வெளியேறிவிடும் என்பது அவர் வகுப்பில் நடத்தும் பாடம். தன்னில் குறைந்த மூன்று கிலோவைத் தின்றது எதுவோ, அதற்கு முந்நூறு கிராம் உடம்பு.

வாளியில் மீன்கள் வாயைத் திறந்து மூடின. அவர் மறுபடி குளத்தில் இறங்கினார். மார்கழித் தண்ணீர் சில்லென்றிருந்தது. அவர் எப்போதும் நிற்கும் இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, வெதுவெதுப்பாக இருந்தது.