ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க

இன்டர்நெட் கம்பெனியின் உதவிப் பிரிவில் அவளுக்கு இது மூன்றாவது நாள். ஒரே ஒரு புகார் வந்தாலும் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் சாட்டில் அந்த ஆசாமி வந்து வாய்த்தார்.

“லேப்டாப்பில வைஃபை வரமாட்டேங்குது. போன்ல மொபைல் டேட்டா போட்டு டைப் பண்றேன்.”

“கவலைப்படாதீங்க சார். ரௌட்டரை ஆஃப் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க.”

பதிலே இல்லை. ரொம்ப நேரம் கழித்து எகிறிக்கொண்டு வந்தார்.

“எங்கம்மா ஓடிப்போனே? எத்தனை தடவை கேக்கறது?”

“நான் இங்கேயேதான் இருக்கேன் சார். நீங்கதான் பேசலை.”

“யார்கிட்ட கதை விடறே?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “இன்னொரு தடவை ஆஃப் பண்ணுங்க சார். கூடவே இருக்கேன்.”

மறுபடியும் கப்சிப். மூன்றாவது முறையும் அதே கூத்துதான்.

அப்போது அவள் உட்கார்ந்து வேலை பார்க்கும் படுக்கையறையின் கதவு மெல்லத் திறந்தது. ஒரு கையில் போனும், மறு கையில் பிடுங்கிய ரௌட்டருமாக மாமனார் நின்றார்.

“நீ வேலையில இருக்கியேன்னுதான் உன்னைத் தொந்தரவு பண்ணலைம்மா. கம்பெனிக்காரிகிட்ட கேட்டேன். ஆஃப் பண்ணச் சொல்லிட்டு மூணு தடவையும் கம்பி நீட்டிட்டா!”

“மாமா...”

“நீ ஏன்மா பதர்றே? அவளை வேலையை விட்டே தூக்கணும்னு இப்பத்தான் காரசாரமா ஒரு புகார் அனுப்பினேன்” என்றார் பெருமையாக.