மொத்தம் 256

மெர்வத்தின் தம்பி ஷுக்ரி இறப்பதற்கு முந்தைய மாதம், நண்பன் வீட்டில் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதி அக்காவுக்கென்று வைத்திருந்தான். அதைத் திறக்க 256 கேபி நினைவகம் வேண்டும். வீட்டிலிருந்த பழைய கணினியில் இருந்ததோ 64.

அலெக்ஸாந்திரியாவில் அதற்கு நினைவக அட்டை விற்பவர் யாரும் மிச்சமில்லை. அவளே ஈயம் பற்றவைத்து அட்டை செய்யப் பழகினாள். இரண்டு அட்டைகள் புகைந்து போயின.

"மூணாவதும் புகைஞ்சா மாடி வீட்டுக்காரங்க தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுடுவாங்க," என்றான் கணவன் வகீஹ்.

"கூப்பிடட்டும். நாலாவது பண்ணுவேன். நீ முனையைத் துடைச்சுச் சொருகு."

அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் நினைவகத்தை எண்ணும் எண் 64ஐத் தாண்டி ஓடியது. 256இல் நின்றது. நிரல் திறந்தது.

'குள்ளச்சி, வந்துட்டியா?'

ஷுக்ரி மட்டுமே அவளை அப்படிக் கூப்பிடுவான். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

பால்கனியிலிருந்து வகீஹ் வந்தான். "இன்னும் துடைச்சே முடிக்கல, அதுக்குள்ள ஏன் போட்ட?"

அட்டை அவன் கையில் இருந்தது. அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தான்.

"என்ன மெர்வத், இது இப்படிச் சுடுது?"

அவள் கணினியில் அட்டை சொருகும் துளையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"கீழ போட்டுடாத," என்று சொல்லிவிட்டு, பதிலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.