பண்டிகைக்கு மாற்று ஆள்

குறட்டை நிற்பதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். அடுத்த அறையிலிருந்து அது ஈரமரத்தை ரம்பம் அறுப்பதுபோல விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

தையல்காரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வாழ்த்து அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்த ஏழாவது எண்ணையும் பேனாவால் கோடிட்டு அடித்தாள். பேனாவை நூலில் கட்டி மணிக்கட்டில் முடிந்திருந்தாள். கீழே விழுந்தால் அன்றைக்குப் பேனா போயே போச்சு. தையல்காரி போட்ட முடிச்சு, அவிழாது.

ஏழு எண்ணில் மூன்று பண்டிகை விடுமுறை. இரண்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தர், "மனசைத் தளர விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மிச்சம் ஒன்று, சொந்த அண்ணன்.

"மூணு நாளைக்கு வந்து இருக்கியாண்ணா?"

"வீடு நிறைய விருந்தாளிம்மா. அது கிடக்கட்டும், பிஸ்கட் டப்பா வந்துச்சா?"

வந்திருந்தது. சிவப்பு ரிப்பன் கட்டி, அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பது இதைத்தான் போலிருக்கிறது.

எட்டாவது எண்ணில் முதலில் காத்திருக்கச் சொல்லி ஒரு இசை. அதற்குள் ஒரு குதிரைவண்டி சலங்கை குலுங்க ஓடிக்கொண்டே இருந்தது. எங்கேயும் போய்ச் சேரவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு பெண்குரல் வந்தது.

"குடும்பத்துல நோயாளியைப் பார்த்துக்கிறவங்களுக்கான உதவி மையம். பண்டிகை வாழ்த்துகள்!"

"வாழ்த்து நிறைய வந்துடுச்சும்மா. மூணு நாளைக்கு ஒரு மாற்று ஆள் வேணும்."

"கொஞ்சம் சத்தமா பேசுங்க மேடம்."

"முடியாது. தூக்கம் கலைஞ்சுட்டா அப்புறம் பேச்சே நடக்காது."

"புரியுது, புரியுது. எத்தனை வருஷமா?"

"நாலு. குளிப்பாட்டணும், தூக்கி உட்கார வைக்கணும், துணி மாத்தணும். எல்லாத்துக்கும் ஒரே ஆள். சம்பளமும் கிடையாது, ஞாயித்துக்கிழமையும் கிடையாது."

"ராத்திரி தூக்கம்?"

"அது எங்கே? நேத்து பாலை அடுப்புல வெச்சுட்டு நின்னபடியே தூங்கியாச்சு. பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரெண்டு உயிர் போயிருக்கும்."

"ஐயய்யோ! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இருமல்தான்."

"இத்தனை நாள் ஏன் எங்களைக் கூப்பிடலை?"

தையல்காரி நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நோயாளிக்குப் பிடிவாதம். வேத்து ஆள் கை படக் கூடாதாம். போன வருஷம் ஒரு நர்சம்மா வந்தாங்க. ரெண்டு நாள் வாயே திறக்காம, சாப்பிடாமக் கிடந்து, அவங்களை விரட்டியாச்சு."

"அப்படிச் சில பேர் இருக்காங்க மேடம். பார்த்துக்கிறவங்களும் மனுஷங்கதான்னு நினைக்கவே மாட்டாங்க."

"ஆமா. மகா சுயநலம்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரலில் உற்சாகம்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்! ஒருத்தர் இருக்காரு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வருவாரு."

தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நாள்! மூன்று முழு நாள்!

"ஒண்ணே ஒண்ணு மேடம். நோயாளி சம்மதிச்சாத்தான் ஆள் அனுப்புவோம். அவங்க குரல்லயே பதிவு பண்ணணும். அவங்களை எழுப்பிப் போனைக் குடுங்க."

"எழுப்புறதா? அதெல்லாம் முடியாது."

"அப்ப விடுமுறை முடிஞ்சு கூப்பிடுங்க. விதி அப்படி."

"ஏம்மா, எட்டு நம்பர் போட்டிருக்கேன்! பிஸ்கட் டப்பா அனுப்புறவங்கள்ல எவனாவது யார்கிட்டயாவது சம்மதம் கேட்டானா?"

குரல் உயர்ந்துவிட்டது. குறட்டை சட்டென்று நின்றது. தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த அறையில் நாற்காலி ஒரு தரம் கிரீச்சிட்டது. பிறகு, நல்லவேளை, ரம்பம் மறுபடி அறுக்கத் தொடங்கியது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? அரை நிமிஷ வேலைதான், எழுப்புங்க."

"என் தம்பி இப்பத்தாம்மா கண் அசந்திருக்கான், அவன் தூங்கட்டும்," என்றாள் தையல்காரி. "நோயாளி நான்தான். சம்மதம்."