டொக்கு டொக்கு

மஸ்கெலியாவில் புடவைக்கடை வைத்திருந்த சிதம்பரநாதன், ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, தன் பழைய காரை ஹட்டனில் தெரிந்த ஒரு கராஜில் கொண்டுவந்து நிறுத்தினார். வழியெல்லாம் எஞ்சின் ஆயில் ஒழுகியிருந்தது. பின்சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி தனலெட்சுமி இருந்தாள்.

"சீக்கிரம் பாருங்க. ரெண்டு நாளா இவ வயித்துல புள்ள அசையல. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மெக்கானிக் அழகுமுத்து காருக்கு அடியில் படுத்து, ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினார். கல் அடித்திருந்தால் தகடு உள்பக்கமாக நசுங்கியிருக்கும். இது வெளிப்பக்கமாகப் புடைத்துக் கிழிந்திருந்தது. எஞ்சினுக்குள் எதுவும் உடைந்திருக்கவில்லை.

"எதுலயும் மோதுச்சா முதலாளி?"

"இல்லையே. வர்ற வழியில டொக்கு டொக்குன்னு சத்தந்தான் கேட்டுச்சு."

வேறொரு காரில் கழற்றிவைத்திருந்த நல்ல சம்ப்பை மாட்டி, புது ஆயில் ஊற்றி, மறுபடி அடியில் படுத்து, எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ஒழுகல் இல்லை. ஆனால் சம்ப்பில் கை வைத்த இடத்தில் உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் தட்டுவது நிற்கவில்லை.

பயத்தில் அவர் வாய்தவறி, "யாரு? வெளிய வா" என்றார்.

சத்தம் சட்டென்று நின்றது.

மேலே தனலெட்சுமி கத்தினாள். "என்னங்க, அசையுது! புள்ள அசையுது!"

சிதம்பரநாதன் ஓடிப்போய் அவள் வயிற்றில் கை வைத்தார். அழுகையும் சிரிப்புமாகக் கீழே குனிந்து கூப்பிட்டார்.

"அழகுமுத்து, கதவத் தட்டுற மாதிரியில்ல தட்டுறான்! வந்து பாருங்க!"

அழகுமுத்து வெகுநேரம் காருக்கு அடியிலேயே கிடந்தார்.